மச்சானுக்கு மனாமாவைச் சுற்றிக் காட்டினேன்

தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற புத்தி எனக்கு அப்போது கிடையாது. (இப்போதும் பெரிதாக இல்லை.)

இரண்டாயிரங்களின் நடுவில் பஹ்ரைனின் தலைநகர் மனாமாவில் கட்டடங்களுக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்தேன். ஊரில் பெண் பார்த்திருந்தார்கள். பெண்ணின் அண்ணன் செல்வம் சவுதியில், ஜுபைலில் வெல்டர். அவன் என்னை நேரில் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் நிச்சயதார்த்தம். “மனாமா எனக்கு அத்துப்படி. வாங்க மச்சான், சுத்திக் காட்டுறேன்” என்று போனில் அளந்துவிட்டேன். ஒரு வெள்ளிக்கிழமை கடல் பாலம் தாண்டி பஸ்ஸில் வந்து இறங்கினான்.

நாலு வருஷத்தில் நான் பார்த்தது தங்கியிருந்த கேம்ப், வேலை சைட், இரண்டுக்கும் நடுவே ஓடுகிற வேனின் ஜன்னல். அவ்வளவுதான்.

ஆகஸ்ட் வெயில். மியூசியம் பூட்டியிருந்தது. பெரிய மசூதியில் ஜும்ஆ தொழுகை நேரம், வேடிக்கை பார்க்க விடமாட்டார்கள். எங்களுக்கு லீவு கிடைக்கிற ஒரே நாளில் ஊருக்கே லீவு என்பது என் மண்டைக்கு எட்டவில்லை.

“கோட்டை ஒண்ணு இருக்கு மச்சான். பக்கத்துலதான்.”

வேனில் போனால் பக்கம்தான். நாங்கள் நடக்க நடக்க, கோட்டையும் முன்னால் நடந்துகொண்டே இருந்தது.

“டாக்ஸி பிடிப்பமா மாப்ள?”

“நடந்தாத்தான் மச்சான் ஊரு தெரியும்.” (டிரைவர் வழி கேட்டால் நான் எங்கே போவேன்?)

என் செருப்பின் அடிப்பாகம் தாரில் ஒட்டிக்கொண்டு பிய்ந்தது. செல்வம் கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு மதில் நிழலில் உட்கார்ந்துவிட்டான்.

“கோட்டைய விடுங்க. பார் எங்க இருக்கு மாப்ள? சவுதிலேர்ந்து எல்லாவனும் அதுக்குத்தான இங்க வர்றான்.”

நான் குடிப்பதில்லை. அதைச் சொல்லித் தொலைத்திருக்கலாம். “தெரியுமே” என்றேன்.

சந்து சந்தாக இழுத்துக்கொண்டு போய், கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு கதவைத் தைரியமாகத் தள்ளினேன். முகத்தில் ஆவி அடித்தது. லாண்டரி. தேய்த்துக்கொண்டிருந்தவர், “க்யா பாய்?” என்றார்.

செல்வம் அங்கிருந்து நேராகப் போய் பஸ் ஏறினான். கல்யாணம் போச்சு என்று கேம்ப்புக்குத் திரும்பினேன்.

ஊருக்குப் போன் போட்டு அவன் சொன்னானாம்: “நாலு வருஷமா அங்க கெடக்கான். ஒரு தெரு தெரியல, ஒரு பாரு தெரியல. கெட்டுப்போறதுக்குக்கூட வழி தெரியாதவன். தாராளமாப் பொண்ணு குடுக்கலாம்.”

கொடுத்தார்கள். இன்றும் விசேஷ வீடுகளில் பந்தியில் உட்கார்ந்து செல்வம் இதைச் சொல்வான். எல்லாரும் சிரிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருநாள் இலையைத் தள்ளிவிட்டுக் கத்தினேன். “ஆட்ட ஏத்தி எறக்குற மாதிரி நாலு வருஷம் வேன்ல ஏத்தி எறக்குனானுங்க. ஒரு சாயங்காலம் கடக்கரையில நிக்க விடல. அதுக்குப் பேரு நல்ல பையனா?”



“அப்ப விட்டிருந்தா கெட்டுப்போயிருப்பீங்க” என்றாள் என் பெண்டாட்டி, சாம்பார் வாளியோடு.

இப்போது செல்வம் அந்தக் கதையை அந்த வரியில்தான் முடிக்கிறான்.