குறையே இல்லாத ஓவியக் கண்காட்சி

உலக ஓவியக் கலையின் வரலாற்றை இரண்டாகப் பிரிக்கலாம். 1991இல் எங்கள் தொழிற்சாலைக் கேன்டீனில் கண்காட்சி நடப்பதற்கு முன், நடந்ததற்குப் பின். அதற்கு முன்பெல்லாம் ஓவியங்களைத் தரச் சோதனை செய்யாமலே சுவரில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். எத்தனை நூற்றாண்டுகளாக இந்த அலட்சியம் நடந்திருக்கிறது என்று நினைத்தால், ஒரு பர்சனல் ஆபீசர் என்ற முறையில் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

நாங்கள் இருப்பது ஒரகடம் போகும் சாலையில், வடக்குப்பட்டு கிராமத்தை ஒட்டி. ஸ்கூட்டருக்கு பிரேக் டிரம் செய்கிறோம். அந்த வருடம் எங்கள் எம்.டி. ஜப்பானுக்குப் போய் ஒரு மடக்குக் குடையும் ‘ஜீரோ டிஃபெக்ட்’, அதாவது துளிக் குறையும் கூடாது என்ற தத்துவமும் கொண்டுவந்தார். குடையை வீட்டம்மாவுக்குக் கொடுத்துவிட்டு, தத்துவத்தை எங்களுக்குக் கொடுத்தார்.

ஜப்பானில் ஒரு கேன்டீன் சுவரில் ஓவியங்களைப் பார்த்தாராம். “நம்ம கேன்டீன்ல என்ன மாட்டியிருக்கு?” என்று மீட்டிங்கில் கேட்டார். தீயணைக்கும் மணல் வாளிகளும் சாம்பார் பற்றிய புகார்ப் பெட்டியும் மாட்டியிருந்தன. அந்த அவமானத்தில் பிறந்ததுதான் ‘கலை மேம்பாட்டுக் குழு’. அமைப்பாளர் அடியேன்.

ஓவியருக்கு நாங்கள் அலையவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் டிராயிங் டீச்சராக இருந்த ஜாஸ்மின் வடக்குப்பட்டுக்காரர்தான். அவருடைய படங்களில் பெரியது ஒன்று. அவர் அம்மா லூர்தம்மாள் குனிந்து நாற்று நடுகிறார், பின்னால் தண்ணீரில் ஓர் எருமை நிற்கிறது. ஆயில் பெயின்டைக் கத்தியால் அப்பி அப்பிப் போட்டிருந்ததில், தொட்டால் சேறு கையில் ஒட்டும் போலிருந்தது.

அதன் போட்டோவைப் பார்த்துவிட்டு, மெட்ராஸில் கேலரி நடத்தும் ரத்னா அம்மாள் எங்கள் கண்காட்சிக்கு நேரில் வர ஒப்புக்கொண்டிருந்தார். படம் போட்டோவில் உள்ளபடியே இருந்தால் தன் கேலரியின் அடுத்த கண்காட்சியில் மாட்டுவதாக வாக்கு. அதுவரை ஜாஸ்மின் ஏறி இறங்காத கேலரி இல்லை. எல்லா இடத்திலும் “நல்லா இருக்கும்மா, சொல்லி அனுப்பறோம்” என்றார்கள். யாரும் சொல்லி அனுப்பவில்லை.

“இந்த ஒண்ணு போதும் சார் எனக்கு,” என்றார் என்னிடம். பாவம், தூங்கியே பல நாள் ஆன முகம்.

ஆனால் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. எங்கள் கேட்டுக்குள் எது வந்தாலும் முதலில் இன்ஸ்பெக்‌ஷன். அதன் தலைவர் ஜெபதாஸ், ஆயுத பூஜைக்கு வந்த பூசணிக்காயை வட்டம் சரியில்லை என்று திருப்பி அனுப்பியவர். படத்தை மேஜைமேல் கிடத்தி, கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

“டிராயிங் எங்க டீச்சர்?”

“இதுதான் சார்.”

“இது பீஸு. எத்த பாத்து செஞ்சீங்கன்னு கேக்கறேன்.”

“மனசுல இருந்துச்சு சார்.”

ஜெபதாஸ் என் பக்கம் திரும்பினார். “மனச எப்டி சார் ஃபைல்ல வெக்கிறது?”

அவர் அடுத்து எருமைக்குப் போனார்.

“காலு மூணுதான் கீது. ஒண்ணு ஷார்ட் சப்ளை.”

“நாலாவது தண்ணிக்குள்ள இருக்கு சார்.”

“உள்ள இருந்தா நான் எப்டி செக் பண்றது?”

பிறகு லூர்தம்மாளின் காலடிச் சேற்றை நகத்தால் சுரண்டினார். பொடி உதிர்ந்தது. அவர் முகம் இருண்டது. “பெயின்டுல மண்ணு கலந்துகீது சார். ஃபாரின் மேட்டர். அழுக்கு.”

“நான்தான் கலந்தேன்,” என்றார் ஜாஸ்மின். “எங்க வயல் மண்ணு சார் அது. நீங்க வேலி போடறதுக்கு முன்னாடி எங்கம்மா ஒரு டப்பாவுல அள்ளி வெச்சாங்க. இந்தக் கேன்டீன் இருக்கற எடம்தான் படத்துல இருக்கு.”

“எந்த மண்ணா இருந்தா இன்னா டீச்சர்? டிரம்முல மண்ணு பூந்தா பிரேக் புடிக்காது.”

சிவப்புச் சீட்டை ஒட்டிவிட்டார். ரிஜெக்ட். எனக்கு இளகிய மனம். ரிஜெக்ட் வேண்டாம், ‘ரீவொர்க்’ போதும் என்று சமரசம் செய்துவைத்தேன். “லேசா தொடச்சுத் தருவாங்கம்மா. நீங்க போய் அம்மாவக் கூட்டிக்கிட்டு வாங்க,” என்று அனுப்பிவைத்தேன்.

எங்கள் பெயின்ட் ஷாப்பின் சுறுசுறுப்பை இங்கே பதிவு செய்தாக வேண்டும். ஓவர்டைம் என்ற சொல் காதில் விழுந்ததும் உப்புத்தாளும் தின்னருமாகப் பாய்ந்தார்கள். சேறு முழுவதும் உதிர்ந்து, வயல் கேன்டீன் மேஜையைப் போல வழுவழுவென்று ஆனது. லூர்தம்மாளின் முகச் சுருக்கங்களும் ‘மேற்பரப்புக் குறை’ என்ற பிரிவில் வந்ததால் அவையும் போயின. கிழவி மதியச் சாப்பாட்டுக்குள் குமரியானார். எருமைக்கு நாலாவது கால் வந்தது, தண்ணீருக்கு மேலேயே, கம்பெனி சாம்பல் நிறத்தில். மேலே ஒரு கோட் வார்னிஷ். ஜெபதாஸ் கண் கலங்கப் பச்சைச் சீட்டு ஒட்டினார்.

ரத்னா அம்மாள் வந்தார். கையிலிருந்த போட்டோவைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், மறுபடி போட்டோவைப் பார்த்தார்.

“நான் பாக்க வந்தது இந்தப் படம் இல்லையே,” என்றார். “இது மளிகைக் கடை காலண்டர் மாதிரி இருக்கு.”

டீயைப் பாதி குடித்துவிட்டு காரில் ஏறிப் போய்விட்டார். கலையறிவு எல்லோருக்கும் வாய்த்துவிடுமா? எம்.டி. படத்தின்மேல் விரலை ஓட்டினார், விரலைப் பார்த்தார், தூசி இல்லை, கை தட்டினார். எல்லோரும் கை தட்டினோம்.

தட்டி முடிந்தபோது ஜாஸ்மின் அம்மாவுடன் வாசலில் நின்றுகொண்டிருந்தார். லூர்தம்மாள் படத்தின் அருகே போனார்.

“யாருடி இது?”

“நீதாம்மா.”

“நானா? சேத்துல நிக்கிறவ காலு இம்மாம் சுத்தமாவா கீது?” என்னைத் திரும்பிப் பார்த்தார். “நெலத்த எடுத்துக்கினீங்க, சரி. எம் பொண்ணு படத்துல கீற மண்ணு உங்கள இன்னா சார் பண்ணிச்சி?”

புகாரை எழுத்தில் தரலாம் என்று சாம்பார் புகார்ப் பெட்டியைக் காட்டினேன்.

ஜாஸ்மின் அழவில்லை. பெயின்ட் ஷாப்புக்குப் போய், சுரண்டிப் போட்டதைக் கூட்டி, தினசரித் தாளில் பொட்டலம் கட்டினார். “நான் திரும்பப் போடுவேம்மா. வா,” என்றார். படத்தையும் பொட்டலத்தையும் தூக்கிக்கொண்டு இருவரும் கேட்டுக்கு நடந்தார்கள். வழியனுப்பும் பண்பாடு கருதி நானும் பின்னால் போனேன். படத்தில் பச்சைச் சீட்டு இருந்ததால் வாட்ச்மேன் முனிரத்தினம் அதை விட்டுவிட்டார்.

“பொட்டலத்துல இன்னா டீச்சரம்மா?”

“மண்ணு.”

“கேட் பாஸ் கீதா?”

“மண்ணுக்கா?”

“கேட்டுக்குள்ள கீற எல்லாமே கம்பெனி சொத்தும்மா. சார் கையெழுத்து போட்டார்னா வுட்டுர்றேன்.”

மூவரும் என்னைப் பார்த்தார்கள். பேனா என் சட்டைப் பையில்தான் இருந்தது. ஆனால் கம்பெனி சொத்தை வெளியே விட ஒரு பர்சனல் ஆபீசருக்கு அதிகாரம் கிடையாது. முனிரத்தினம் பொட்டலத்தை வாங்கி, கேட் ஓரம் இருந்த குரோட்டன்ஸ் தொட்டியில் கொட்டினார். லூர்தம்மாள் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு சாலையில் இறங்கினார்.

காலையில் உள்ளே வரும்போது அது அழுக்கு. சாயங்காலம் வெளியே போகும்போது கம்பெனி சொத்து. இப்படி ஒரு உற்பத்தித் திறனை ஜப்பானில்கூடப் பார்த்ததில்லை என்று எம்.டி. நெகிழ்ந்துபோனார். அடக்கமாகச் சொல்கிறேன், எங்களுக்கு இது புதிதல்ல. லூர்தம்மாளின் வயலில் கதிர் சாய்ந்து நின்றபோதே அதை ‘எதற்கும் உதவாத தரிசு’ என்று இன்ஸ்பெக்‌ஷன் செய்துவிட்டுத்தான் வேலி போட்டோம்.