மச்சான் ஏன் இஞ்சினைக் கழுவுகிறார்?

கல்முனை
14.03.1982

அன்பும் அறிவும் நிறைந்த என் தம்பி சாலிஹுக்கு உன் ராத்தா சுஹறா எழுதிக்கொள்வது: அஸ்ஸலாமு அலைக்கும். வல்ல நாயன் கிருபையால் இங்கு எல்லோரும் உடம்புக்குச் சுகம். மனதுக்குச் சுகமா என்று நீ கேட்பாயென்றால், அதற்குத்தான் இந்தக் கடிதம். றியாத்தில் வெயிலில் வேலை செய்து களைத்திருக்கிற உனக்கு இதையெல்லாம் எழுதக்கூடாதென்று எவ்வளவோ பொறுத்தேன். நேற்று முழுவதும் பொறுத்தேன்.

விஷயம் என்னவென்றால், நீ போகும்போது எங்கள் வீட்டு வளவில் விட்டுப்போன பழைய ஒஸ்ரின் காரை உன் மச்சான் கழுவுகிறார். வெளிப்பக்கத்தை அல்ல. பொனட்டைத் திறந்து இஞ்சினைக் கழுவுகிறார். நீயே யோசித்துப் பார். புடவைக்கடையால் வந்து சாப்பிட்டால் சோற்றுக் கோப்பையைக்கூட நகர்த்தி வைக்காத மனிசன், ஆருடைய கண்ணிலும் படாத இடத்தை ஏன் கழுவவேண்டும்? பொனட்டுக்குள் எட்டிப் பார்ப்பவன் கார் வாங்க வருகிறவன் மட்டும்தான். போன மாதம் ஒரு கலியாண வீட்டில் சம்மாந்துறை மில் முதலாளி ஒருவர் உன் காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்ததை நான் பெண்கள் பக்கமிருந்து கண்டேன். அப்பவே எனக்குள்ள ஒண்டு இடிச்சிது.

அது மட்டுமெண்டா நான் எழுதமாட்டன். வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பொறகு சைக்கிள்ல ஒரு மனிசன் வந்தாரு. தமிழ் ஆள், நான் முன்னப்பின்ன கண்டதில்ல. ரெண்டு பேரும் வேலிக் கடப்படியில நிண்டு குசுகுசுத்தாங்க. நான் கோழிக்குத் தீன் போடுற சாட்டுல வேலி ஓரமாப் போனன். காதுல விழுந்தத அப்படியே எழுதுறன்.

"பழசுதானே காக்கா, சூடா இருக்கக்குள்ள கிட்டப் போகப்படாது" எண்டு அந்தாள் உன் மச்சானப் பார்த்துச் சொல்றாரு.

"ஆற விட்டாச் சரிதானே?" எண்டு உன் மச்சான் கேக்காரு.

"ஒரு ராத்திரி ஆற விடுங்க. சூட்டோட படக்கெண்டு தண்ணிய ஊத்தினா வெடிச்சிரும். மெல்ல மெல்லத்தான் தொடணும்."

"சத்தமும் வரவரக் கூடிப் போச்சு."

"பழசெண்டா அப்படித்தான் காக்கா."

தம்பி, இந்த வீட்டுல பழசு, சூடு, சத்தம் எண்டெல்லாம் ஆரச் சொல்லுவாங்க? எனக்கு இன்னும் நாப்பது முடியல்ல. அண்டைக்கு ராவு முழுக்க அவரு என்னோட ஒரு கதையும் கதைக்கல்ல. ஆற விடுறாராம்!

விடிஞ்சா காருக்குக் கரண்ட் குடுக்கிற பெற்றி வயரக் கழற்றினாரு. ஏனெண்டு கேட்டா, "பொறி பறக்கப்படாது" எண்டாரு. எந்நேரமும் பீடியும் வாயுமா இருக்கிற மனிசன், பீடிக்கட்ட என்ட கையில தந்து, "இண்டைக்கு இது கார்ப் பக்கம் வரவே படாது" எண்டாரு. கலியாணம் முடிச்ச நாள்லயிருந்து நான் கெஞ்சியும் விடாத பீடி. ஆரோ புதுசா மணம் பிடிக்கல்ல எண்டு சொல்லிரிக்கணும் எண்டு நான் நினைச்சன், நீயும் அதத்தான் நினைப்பாய். பொறகு என்ட குசினியில இருந்து அரைப்போத்தல் மண்ணெண்ணெய், பழைய பல்லுத் தேய்க்கிற பிறஸ், ஒரு வாளி சவுக்காரத் தண்ணி எல்லாம் எடுத்தாரு. கடையில இடுப்புல கட்டுற சாரம் வர்ற பொலித்தீன் பைகளக் கொண்டு வந்து, இஞ்சினுக்குள்ள இருக்கிற சாமான்கள ஒவ்வொண்டாப் பொதிஞ்சி றப்பர் வாரால கட்டினாரு.

"ஏன் மச்சான் பொதியிறீங்க?" எண்டு நான் கேட்டன்.

"தண்ணி படப்படாத இடம்."

"தண்ணி படாமக் கழுவுற கழுவல் என்ன கழுவல்?"

"விளங்காட்டி உள்ளுக்கப் போ கா!"

பொதிஞ்சி கட்டுறவன் எதையோ கொண்டு போகத்தானே கட்டுவான்? லுஹர் தொழ அவரு பள்ளிக்குப் போன நேரம் நான் ஒரு பொதிய அவிழ்த்துப் பார்த்தன். கறுத்த மூடி ஒண்டு, கணவாய் மீன் மாதிரி அதுல இருந்து வயர் கால்காலாப் போகுது. களவு போகல்ல எண்டு கண்டு, திரும்ப நல்லாத்தான் கட்டினன்.

வந்து மண்ணெண்ணெயப் பூசித் தேச்சாரு. தார் மாதிரி ஊத்தை. பழந்துணியால துடைச்சி, பூவாளியால கொஞ்சம் கொஞ்சமாத் தண்ணி விட்டு, குமர்ப்புள்ளைக்கு முகம் கழுவுற மாதிரிக் கழுவினாரு. அஸர் வரைக்கும் பொனட்டத் திறந்து வெயில்ல காய விட்டாரு. பொறகு பொதியெல்லாம் அவிழ்த்து, பெற்றியப் பூட்டி, சாவியத் திருகினா கர் கர் எண்டுது, அவ்வளவுதான். கணவாய் மூடியில விரல வெச்சிப் பார்த்தாரு. ஈரம்.

"சுஹறா, இத ஆரு அவிழ்த்த?"

"பூனையா இருக்கும்."

"பூனை றப்பர் வாரும் கட்டுமா?"

இப்ப கார் ஓடாது, மனிசன் கதைக்கமாட்டாரு. ஆகவே தம்பி, நீ உடனே லீவு போட்டு வந்து உன் காரையும் உன் ராத்தாவின் வாழ்க்கையையும் காப்பாற்றவும். உன் தேக சுகத்துக்கும் பறக்கத்துக்கும் ஐந்து நேரமும் துஆச் செய்யும்,

ராத்தா சுஹறா.

பி.கு. (திங்கள் பின்னேரம்): அந்தச் சைக்கிள் மனிசன் காலையில வந்தாரு. பேரு வேலப்போடி, ஊர் ஆலையடிவேம்பு, இஞ்ச பஸார்ல கராஜ் வெச்சிரிக்காரு. மூடியக் கழற்றி ஈரத்தத் துடைச்சிக் காயவெச்சிப் பூட்டின உடனே கார் ஸ்டார்ட். இஞ்சின் சுத்தமா இருந்ததால எண்ணெய் ஒழுகுற இடம் கண்ணுக்கே தெரிஞ்சிது. சூடான புகைக்குழாய்க்கு மேல சொட்டுச் சொட்டா விழுகுது. "அந்த ஊத்தையோட இன்னும் ஓடிரிந்தா நெருப்புப் பிடிச்சிரிக்கும் தங்கச்சி" எண்டு சொல்லி, எண்ணெய் ஒழுகாம இருக்கப் புது பெக்கிங் போட்டாரு. போன கிழமைதான் நானும் உம்மாவும் அதுல மருதமுனைக்குப் போய் வந்த. அண்டைக்கே உன் மச்சானுக்கு எண்ணெய் கருகிற மணம் வந்ததாம், பயந்துதான் கழுவத் தொடங்கினாராம். ஏன் என்னட்டச் சொல்லல்ல எண்டு கேட்டன். "சொன்னா நீ உடனே சாலிஹுக்குக் கடிதம் எழுதுவாய், அவன் அங்க ஏங்கிப் போவான்" எண்டாரு. நான் அப்படிப்பட்டவளா எண்டு அழுதன்.

ஆகவே மேலே எழுதினது ஒண்டையும் நம்பாத, லீவும் போடாத. தாள் முழுக்க எழுதி முடிச்சதால கிழிக்க மனமில்லாம அனுப்புறன். தபால் கந்தோருக்குத் தான் கொண்டு போறன் எண்டு உன் மச்சான் கைய நீட்டிக்கிட்டு நிக்காரு. வேற நாள்ல நூறு தரம் கெஞ்சணும், இண்டைக்கு ஏன் தானாக் கேக்காரு? அதால நானும் கார்ல ஏறிப் போறன். கடிதம் என்ட மடியிலதான் இருக்கும்.