பைண்டர் செய்த பெட்டி

"அதான் நேத்தே போட்டாச்சே!" என்றார் மூன்றாம் மாடி டீச்சர், கதவைப் பாதி மட்டும் திறந்து.

பைண்டருக்கு ஒன்றும் புரியவில்லை. "எதைப் போட்டாச்சு, டீச்சர்?"

"ஓட்டுதான். பட்டியல்ல பேரைப் பார்த்தேன், அடையாள அட்டையைக் காட்டினேன், சீட்டை வாங்கினேன், ஒரே ஒரு கட்டத்துல குறி போட்டேன், நாலா மடிச்சேன், பெட்டிக்குள்ள போட்டேன். நீங்ககூட பக்கத்துல நின்னு சபாஷ்னு சொன்னீங்களே!"

"ஐயோ, அது ஒத்திகை டீச்சர்! நிஜ ஓட்டு வர்ற ஞாயித்துக்கிழமை!"

"ஒரு ஆளுக்கு ஒரு ஓட்டுதானாமே? கீழ போனப்பவே விசாரிச்சுட்டேன்" என்று சொல்லி டீச்சர் கதவைச் சாத்திக்கொண்டார்.

அந்த நாலு மாடிக் கட்டடத்தின் குடியிருப்போர் சங்கத்துக்கு, புத்தகங்களுக்கு அட்டை கட்டிப் பிழைக்கும் இந்த பைண்டர்தான் செயலாளர். தேர்ந்தெடுத்த கூட்டத்துக்கு வேறு யாரும் வரவில்லை என்பதால் அந்தப் பதவி அவர் தலையில் விழுந்தது. சும்மாவே எதற்கெடுத்தாலும் பதறுகிற மனுஷன். கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி வந்து பார்க்கிற ரகம். அவருக்கு வந்ததே ஒரு கடிதம்!

வார்டு தேர்தலுக்காகத் தேர்தல் அலுவலகத்திலிருந்து வந்திருந்தது. இந்தக் கட்டடத்தில் அறுபத்து நாலு வாக்காளர்கள். போன தடவை வந்தவர்கள் பத்தொன்பது பேர். இந்த முறையும் பாதிக்குக் குறைந்தால், தரைத்தள ஹாலில் நடக்கும் வாக்குச்சாவடியை எடுத்துவிட்டு, ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பள்ளிக்கூடத்தோடு சேர்த்துவிடுவார்கள். அங்கே போக மேம்பாலத்தில் ஏற எழுபத்திரண்டு படி, இறங்க எழுபத்திரண்டு படி.

மற்றவர்கள் எப்படியோ போய்விடுவார்கள். ஆனால் அக்கா?

பைண்டரின் அக்காவுக்கு ஒரு விபத்துக்குப் பிறகு ஆறு வருஷமாக நடக்க முடியாது. தரைத்தளத்தில் தம்பி வீட்டில், மாடிப்படிக்கு எதிர் ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். ஏறுகிறவர், இறங்குகிறவர் எல்லாரும் அவளிடம் இரண்டு வார்த்தை பேசாமல் போகமாட்டார்கள். போன தேர்தலில் தானே சக்கரத்தை உருட்டிக்கொண்டு ஹாலுக்குப் போய் முதல் ஓட்டைப் போட்டவள் அவள்தான். அந்த ஒரு நாளாவது அக்கா யார் தயவும் இல்லாமல் ஒரு காரியம் செய்கிறாள் என்று தம்பிக்கு அத்தனை பெருமை.

கடிதத்தை அக்காவும் வாங்கிப் படித்தாள். பின்பக்கத்தையும் திருப்பிப் படித்தாள்.

"அந்தப் பக்கம் பெரிய கடைத்தெரு வந்திருக்காமேடா?"

"உனக்கெதுக்குக்கா அதெல்லாம்? வெயில்ல தலைவலி வரும். உன்னை அங்கெல்லாம் அலைய விட்டுடுவேனா? சாவடி இங்கயேதான் இருக்கும். நான் பார்த்துக்கறேன்."

அக்கா கடிதத்தை மடித்துத் தன்னிடமே வைத்துக்கொண்டாள். "என் பேரைச் சொல்லி யார்கிட்டயும் போய்க் கெஞ்சாத" என்றாள்.

ரோஷக்காரி என்று பைண்டர் நினைத்துக்கொண்டார்.

அப்புறம்தான் இந்த ஒத்திகை யோசனை வந்தது. எப்படி ஓட்டுப் போடுவதென்று தெரியாத கூச்சத்தில்தான் பாதிப் பேர் வருவதில்லை என்பது அவர் கணிப்பு. ஒரு பழைய அட்டைப்பெட்டியைக் கீறி வைத்திருந்தால் போதும். ஆனால் அவர் கைக்கு அரைகுறை வேலை வராதே! கடையிலிருந்து தடித்த பைண்டிங் அட்டை கொண்டுவந்து, கறுப்புத் துணி ஒட்டி, நாலு மூலைக்கும் பித்தளை வைத்து, மேலே தங்க எழுத்தில் 'வாக்குப்பெட்டி' என்று அச்சடித்து, சிவப்பு அரக்கில் முத்திரையும் குத்திவிட்டார். அரசியல் வேண்டாமென்று, மாடிப்படிச் சுவருக்கு என்ன வண்ணம் அடிக்கலாம், மஞ்சளா, நீலமா, பச்சையா என்று சீட்டு. நாற்பத்தொரு பேர் வந்தார்கள். பைண்டர் பூரித்துப் போனார்.

அந்த நாற்பத்தொரு பேரும்தான் இப்போது ஜனநாயகக் கடமையை முடித்துவிட்ட நிம்மதியில் இருக்கிறார்கள்.

உடனே ஓடிப்போய் படிக்கட்டுச் சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டினார். 'நேற்று நடந்தது ஒத்திகை மட்டுமே. அந்த வாக்குகள் செல்லாது. உண்மையான வாக்குப்பதிவு வரும் ஞாயிறு, காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை.'

சாயங்காலம் இரண்டாம் மாடி டிரைவர் வந்து கதவைத் தட்டினார். பின்னால் ஏழெட்டுப் பேர்.

"எங்க ஓட்டு செல்லாதுன்னு நீங்க யாருண்ணே சொல்றதுக்கு?"

"தம்பி, அது ஓட்டே இல்ல!"

"முத்திரை குத்தின பெட்டியில போட்டது ஓட்டு இல்லையா? இன்னொரு தடவை போட்டா கள்ள ஓட்டுன்னு ஆறு மாசம் உள்ள போட்டுடுவாங்களாம். எனக்கு லைசென்ஸ் போச்சுன்னா யாரு சோறு போடறது?"

"யாரு சொன்னது இதெல்லாம்?"

"கீழ பேசிக்கிட்டாங்க."

சரி, நிஜப் பெட்டி இல்லை என்று கண் முன்னால் காட்டிவிட்டால் ஆயிற்று. புதன்கிழமை எல்லாரையும் படிக்கட்டில் கூட்டி, முத்திரையை உடைத்து, சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டினார். "பாருங்க, வெறும் பெயின்ட்டுதான். இது மஞ்சள். இது நீலம். இது மஞ்சள்…"

மஞ்சளுக்கு விழுந்த அந்தச் சீட்டில் சிவப்பு மையில், பரீட்சைத் தாளில் போடுவதுபோல வாலை நீட்டி ஒரு 'சரி' குறி இருந்தது. அந்தக் கட்டடத்தில் சிவப்புப் பேனா வைத்திருப்பவர் ஒருவர்தான்.

"நம்ம வீட்டுல ரெண்டு ஓட்டும் நீலம்னு சத்தியம் பண்ணியே!" என்றார் டீச்சர் வீட்டுக்காரர்.

டீச்சர் முகம் பேனா மையின் நிறத்துக்கு வந்தது. "ஏங்க பைண்டர், ரகசியம் ரகசியம்னு படிச்சுப் படிச்சுச் சொன்னீங்களே! ஞாயித்துக்கிழமையும் இப்படித்தான் நடு வீதியில வெச்சுப் பிரிப்பீங்களா?"

"ஐயோ டீச்சர், அங்க யாரோட சீட்டு எதுன்னு கண்டுபிடிக்கவே முடியாது! அவங்க பேனாதான் எல்லாருக்கும்! சீட்டுல பேரு கிடையாது, மறைப்புக்குள்ள நின்னுதான் குறி போடணும்…"

யார் கேட்டார்கள்? ஜெயிலுக்குப் பயந்தவர்கள் பாதி, வீட்டுக்காரருக்குப் பயந்தவர்கள் பாதி என்று எல்லாரும் கலைந்து போய்விட்டார்கள். அன்றிலிருந்து பைண்டருக்குச் சோறு இறங்கவில்லை. கடையில் ஒரு புத்தகத்துக்கு அட்டையைத் தலைகீழாக ஒட்டினார். முப்பது வருஷத்தில் முதல் தடவை.

ஞாயிற்றுக்கிழமை ஹாலில் நிஜப் பெட்டி வந்து உட்கார்ந்தது. நசுங்கிய தகரம், மூலையில் துரு, சணல் கயிறு. வாசல் வரை வந்து எட்டிப் பார்த்த டிரைவர், "இதுதான் டூப்ளிகேட் மாதிரி இருக்கு. அண்ணன் பெட்டி எவ்வளவு லட்சணமா இருந்துச்சு!" என்று சொல்லிவிட்டு மேலே ஏறிவிட்டார்.

மத்தியானம் மூன்று மணிக்குப் பதினாலு பேர். தேர்தல் அதிகாரியம்மா கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். எப்போதும் முதல் ஆளாக வரும் அக்காகூட, "அப்புறம் பார்க்கலாம்டா, என்ன அவசரம்" என்று ஜன்னலை விட்டு நகரவில்லை. சோர்ந்துபோய்விட்டாள் பாவம் என்று பைண்டர் அவள் பக்கத்தில் ஒரு தம்ளர் மோரை வைத்துவிட்டு வந்தார்.

நாலரைக்கும் அதே பதினாலுதான். பைண்டர் மூன்றாம் மாடிக்கு ஏறினார், டீச்சர் வீட்டு வாசல்படியில் அப்படியே உட்கார்ந்தார். கெஞ்சக்கூடாதென்று அக்கா சொன்னது ஞாபகம் இருந்தது. ஆனாலும் வாய் நிற்கவில்லை.

"டீச்சர், பாதிப் பேர் வரலைன்னா சாவடியைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் தூக்கிடுவாங்க. எங்க அக்கா எழுபத்திரண்டு படி எப்படி ஏறுவா? அவளுக்குன்னு மிச்சம் இருக்கறது இந்த ஒரு ஓட்டுதான். அதையும் நானே கெடுத்துட்டேன்." சொல்லும்போதே அழுதுவிட்டார்.

டீச்சர், "இதை முதல்லயே சொல்லித் தொலைக்கறதுக்கு என்ன?" என்று அதட்டிவிட்டு, உள்ளே போய் மர ஸ்கேலை எடுத்துவந்தார்.

அந்த ஸ்கேல் விழாத கதவு கட்டடத்தில் இல்லை. "அடையாள அட்டையை எடு! கீழ இறங்கு! ஜெயிலும் கிடையாது, கியிலும் கிடையாது! ஒரு கட்டம், ஒரு குறி, மடிச்சுப் போடு!" டிரைவர் ஒரு காலில் மட்டும் செருப்போடு ஓடிவந்தார். டீச்சர் வீட்டுக்காரர் பாதி வழித்த முகத்தில் சோப்பு நுரையோடு நின்றார். ஐந்தடிக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போது வரிசை இரண்டாம் மாடி வரை நீண்டிருந்தது.

"அஞ்சு மணிக்குள்ள வரிசையில நின்னவங்க எல்லாருக்கும் உரிமை உண்டு" என்றார் அதிகாரியம்மா, விழிகள் பிதுங்க.

டீச்சரே போய் அக்காவின் நாற்காலியைத் தள்ளிவந்து வரிசையின் முன்னால் நிறுத்தினார். எல்லாரும் கைதட்டினார்கள். அக்கா குறி போட்டாள், மடித்தாள், பெட்டியில் போட்டாள். உதடு துடித்தது. பாவம், ஆனந்தத்தில் பேச்சு வரவில்லை என்று பைண்டரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அறுபத்து நாலுக்கு அறுபத்தொன்று.

"இனிமே இந்தச் சாவடியை யாராலயும் அசைக்க முடியாது சார்" என்று அதிகாரியம்மா கை கொடுத்தார்.

ஆறு வருஷத்தில் அவ்வளவு லேசாக பைண்டர் நடந்ததில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும், "அக்கா! ஜெயிச்சுட்டோம்! இனிமே நீ இந்த வாசலை விட்டு எங்கயும் போகவே வேண்டாம்!" என்றார்.

அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்தக் கடிதம்.

"இதோட பின்பக்கத்தைப் படிச்சியாடா?"

அவர் படித்திருக்கவில்லை. முன்பக்கம் படித்ததிலேயே அவருக்குப் படபடப்பு வந்துவிட்டது. இப்போது வாங்கித் திருப்பினார். சின்ன எழுத்தில் இரண்டே வரி: 'சாவடி மாற்றப்பட்டால், நடக்க இயலாத வாக்காளர்களை வீட்டிலிருந்து அழைத்துச் சென்று திரும்பக் கொண்டுவந்து விட வேன் அனுப்பப்படும்.'

"ஆறு வருஷமா நீ என்னை இந்த வாசலைத் தாண்ட விடல, ஒரு தடவை அந்த வேன்ல ஏறிக் கடைத்தெருவைப் பார்த்துட்டு வரலாம்னு, இந்த ஜன்னல்ல உக்காந்து இறங்கி வந்த அத்தனை பேர்கிட்டயும் 'நீங்கதான் போட்டாச்சே, இன்னொண்ணு போட்டா ஜெயிலு'ன்னு சொல்லிச் சொல்லி என் தொண்டையே வத்திப் போச்சு, பாவி!"