செட்டில் அண்ணனின் படகு அடுப்பு

செட்டில் அண்ணே ஒரு பொய்யர். படகில் கேஸ் கசியவே இல்லை என்று எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே உள்ள கோப்பிக் கடையில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான்தான் சும்மா பயந்து கத்திக் கடலையே கலக்கிவிட்டேனாம். கேட்டவர்கள் என் தோசைக் கடைக்கே வந்து, "என்னக்கா, கடல்ல ஒரே கூச்சலாமே?" என்று சிரிக்கிறார்கள். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். படித்துவிட்டுச் சிரிக்கட்டும்.

பினாங்குத் தீவிலேயே ஆபத்தான பொருள் செட்டில் அண்ணே கையில் இருக்கும் ஸ்க்ரூடிரைவர். ஏர்கான் பழுது பார்க்கிற வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஆயர் ஈத்தாமில் எங்கள் வீட்டுக்கு நேர் கீழ்வீடு. அவருடைய உண்மையான பெயர் அவர் மனைவிக்கே மறந்திருக்கும். எதை உடைத்தாலும், எது உடைந்தாலும், "செட்டில்!" என்பார். அதுவே பெயராகிவிட்டது.

என் துணி துவைக்கும் மெஷினை ஒரு தடவை செட்டில் செய்தார். அன்றிலிருந்து அது சுற்ற ஆரம்பித்தால் நடக்கும். குளியலறையில் வைத்தால் வாசலில் வந்து நிற்கும். என் வீட்டுக்காரர் அதன்மேல் உட்கார்ந்து பேப்பர் படித்தால்தான் துணி துவைக்க முடியும். எங்கள் புளோக் மண்டபத்து மின்விசிறியையும் செட்டில் செய்தார். ஒரு காதுகுத்து விருந்தில் அதைப் போட்டார்கள். பந்தியில் இருந்த அப்பளம் எல்லாம் எதிர்ப்பந்திக்குப் போயின. "காத்து நல்லா வருதில்ல?" என்று கேட்டார் மனிதர்.

இப்படிப்பட்டவரிடம் யாராவது பாய்மரப் படகைக் கொடுப்பார்களா? ஒரு வெள்ளைக்காரர் கொடுத்தார். ஊரை விட்டுப் போகிற அவசரத்தில், வாங்க ஆள் இல்லாமல், இவர் தலையில் கட்டிவிட்டுப் போனார். கெரேத்தா, அதான் கார், அதைவிடக் கொஞ்சம் நீளம். நடுவில் தவழ்ந்து போகிற மாதிரி ஓர் அறை. எஞ்சின் ஓடாது. காற்று வந்தால் போகலாம், வராவிட்டால் உட்கார்ந்திருக்கலாம். கைப்பேசியில் வீடியோ பார்த்தே பாய் கட்டக் கற்றுக்கொண்டார்.

அவருக்கு ஒரே ஒரு வைராக்கியம். கடலுக்கு நடுவில் தே தாரே, அந்த நுரை பொங்கும் பால் தேநீர், ஆற்றிக் குடிக்க வேண்டும். அதற்காக வீட்டில் மேசைமேல் வைத்துச் சூப் கொதிக்க வைக்கும் ஸ்டீம்போட் அடுப்பைப் படகில் ஏற்றினார். பக்கவாட்டில் கேஸ் டின்னைச் செருகி எரிய வைக்கிற அந்தச் சின்ன அடுப்பு. டின்னைப் பிடித்துக்கொள்ளும் கொக்கி தேய்ந்து போயிருந்தது. அவர் பழைய ஏர்கானிலிருந்து ஒரு ரப்பர் வளையத்தைக் கழற்றி உள்ளே திணித்து, மேலே வயர் கட்டுகிற பிளாஸ்டிக் பட்டையால் இறுக்கிவிட்டார். நான் நாள் முழுவதும் கேஸ் சிலிண்டர் தோங் பக்கத்தில் நின்று தோசை சுடுபவள். எனக்கு அது பிடிக்கவில்லை.

"அண்ணே, இது கசியாதா?"

"மூக்க வச்சு நல்லா பாத்துட்டேன் தங்கச்சி. ஒரு வாடையும் இல்ல. செட்டில்!"

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை என்னையும் என் வீட்டுக்காரரையும் ஜெலுத்தோங் கரையிலிருந்து ஏற்றிக்கொண்டார். புதுக் கெரேத்தாவுக்குச் செய்கிற பூசையை ஒவ்வொரு ஞாயிறும் படகுக்குச் செய்வார். சக்கரம் இல்லாததால் எலுமிச்சம்பழத்தைக் காலாலேயே நசுக்கிவிட்டு, முன்பகுதியில் ஒரு தட்டில் சூடம் ஏற்றிச் சுற்றினார். நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். டின்னை முந்தின நாளே அடுப்பில் மாட்டி அறைக்குள் வைத்துவிட்டார் என்பது அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்தச் சூடத்தை அப்போதே ஊதி அணைத்திருப்பேன்.

பினாங்குப் பாலம் தூரத்தில் தெரிகிற இடத்துக்கு வந்ததும் காற்று செத்துவிட்டது. பாய் ஈரத்துணி மாதிரி தொங்கியது. ஒரு பெரிய கப்பல் போன அலையில் படகு ஆடியது. என் வீட்டுக்காரர் பச்சையாக மாறி, வாந்தி எடுத்து, அறைக்குள் தவழ்ந்து போய்ப் படுத்து, உடனே குறட்டை விட ஆரம்பித்தார். வாசல் ஓரம் இருந்த அடுப்பை இழுத்து, பாத்திரத்தை ஏற்றி, அண்ணே குமிழைத் திருகினார். டக். எரியவில்லை. மறுபடி டக். உப்புக் காற்றில் பொறி போடும் பகுதி துருப்பிடித்திருந்தது. அந்த அடுப்பில் இரண்டு கோளாறு. ஒன்று எங்களைக் கொல்லப் பார்த்தது, மற்றது காப்பாற்றியது.

"பரவால்ல. மாப்ள சட்டப் பையில லைட்டர் இருக்கும்ல?" என்று உள்ளே என் வீட்டுக்காரர் பக்கம் கையை நீட்டினார்.

அப்போதுதான் நான் குனிந்தேன். அறைக்குள்ளிருந்து வாடை முகத்தில் அறைந்தது.

"அண்ணே! கேஸ்! கேஸ் அண்ணே!"

"எங்கம்மா? எனக்கு ஒண்ணும் வரலையே."

"மூக்கா அது? கிணறு மாதிரி கேஸ் நிக்குது!"

"நீ தலையில தேச்ச மருந்தெண்ணெயா இருக்கும்லா."

எனக்கு வந்த கோபத்தில் என் மருந்தெண்ணெய்ப் புட்டியைத் திறந்து அவர் மூக்குத் துவாரத்திலேயே வைத்தேன். கண்ணில் தண்ணீர் வரும் சரக்கு.

"இது என்ன வாடை, சொல்லுங்க."

யோசித்தார். ஒருமுறை இழுத்தார். "பன்னீரா?"

நான் புட்டியை மூடினேன். அவர் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சொன்னார். "அந்தக் காய்ச்சல் வந்துச்சே, அப்பவே மூக்கு செத்துப் போயிடுச்சி தங்கச்சி. ஒரு வாடையும் தெரியாது. அண்ணிகிட்ட சொல்லிடாத. அவ கறி தாளிக்கிறப்பல்லாம் 'ஆகா, என்ன வாசம்'னு சொல்லிட்டு இருக்கேன்."

இந்த மூக்கை வைத்துத்தான் மனிதர் அடுப்பைச் சோதித்திருக்கிறார்.

அதன் பிறகு அவர் முகம் மாறியது. இத்தனை வருஷத்தில் எந்தக் கோளாறுக்கும் அவர் அப்படி ஒரு முகம் வைத்ததில்லை. வீட்டில் கேஸ் கசிந்தால் கதவு வழியாகப் போய்விடும், படகுக்கு அடியில் கதவு கிடையாது, கேஸ் காற்றைவிடக் கனம், வாளியில் தண்ணீர் மாதிரி கீழேயே தங்கும் என்றார். அந்த வாளியின் அடியில் படுத்திருப்பது என் புருஷன்.

இன்னொரு விஷயம் எனக்குத்தான் தெரியும். என் வீட்டுக்காரர் தூங்கி எழுந்தால் கண் திறக்கும் முன்பே கை சட்டைப் பைக்குப் போகும். சிகரெட் வாய்க்கு வரும். லைட்டர் உரசும். அதற்குப் பிறகுதான் கண்ணைத் திறப்பார். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். கத்தி எழுப்பவும் முடியாது, எழுப்பாமல் விடவும் முடியாது. குறட்டை நின்றுவிட்டால் என்ன செய்வது என்று குறட்டையையே கேட்டுக்கொண்டு நின்றேன். எத்தனை இரவு அந்தக் குறட்டையைத் திட்டியிருப்பேன்! அன்று அது நிற்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

படகில் இருந்தது ஒரே ஒரு லைஃப் ஜாக்கெட். அண்ணே அதை எடுத்து என் தலை வழியாக மாட்டி, கயிற்றை முடிச்சுப் போட்டார்.

"நீ முன்னாடி நுனிக்குப் போ. ஏதாச்சும் ஆனா குதிச்சிடு."

"அவரு?"

"மாப்ளய நான் கொண்டு வரேன். போ சொல்றேன்ல!"

அடுப்பின் பட்டையைக் கத்தியால் அறுத்து, டின்னைக் கழற்றி, அறையை விட்டுத் தள்ளிக் கடலுக்கு மேலே ஒரு கொம்பில் தொங்கவிட்டார். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு உள்ளே தவழ்ந்தார். அவர் கை என் வீட்டுக்காரர் பைக்குள் நுழைந்தது. இவரோ தூக்கத்திலேயே அந்தக் கையைப் பிடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "கொஞ்ச நேரம்மா" என்றார். எனக்கு அழுகையும் வந்தது, செருப்பைக் கழற்றி எறியவும் தோன்றியது. செட்டில் அண்ணே கன்னம் இரண்டும் ஊதி, கண் பிதுங்கி, விரல் விரலாக உருவி லைட்டரை எடுத்தார். வெளியே தலையை நீட்டி மூச்சு விட்டார். லைட்டர் கடலுக்குப் போனது.

அணைத்திருந்த கை உருவிப்போனதில் குறட்டை நின்றது. என் வீட்டுக்காரர் உட்கார்ந்தார். கண் மூடியபடியே கை பைக்குப் போனது. ஏமாந்தது. கால்சட்டைப் பைக்குப் போனது. அங்கே இன்னொரு லைட்டர்!

நான் என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது. சிகரெட் உதட்டில், கட்டைவிரல் சக்கரத்தில். செட்டில் அண்ணே தே தாரேவுக்கு வைத்திருந்த வாளித் தண்ணீரை அப்படியே முகத்தில் அடித்து, பின்னாடியே தானும் பாய்ந்து, அந்தக் கட்டைவிரலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஆட்டுக்குட்டியை இழுக்கிற மாதிரி விரலைப் பிடித்தே வெளியே இழுத்து வந்தார்.

"மச்சான், பைத்தியமா உங்களுக்கு? சிகரெட்டு நனஞ்சி போச்சி!" என்றார் என் புருஷன். அவருக்கு அப்போதும் ஒன்றும் புரியவில்லை.

பிறகு கேஸை வெளியேற்ற வேண்டும். பேட்டரி மின்விசிறி போட்டால் பொறி வரும் என்றார் அண்ணே. அதனால் மூன்று பேரும் வாளியும் பாத்திரமும் எடுத்து, மூச்சைப் பிடித்து மாறி மாறிக் குனிந்து, அறையின் அடியிலிருந்து ஒன்றுமில்லாததை மொண்டு மொண்டு கடலில் ஊற்றினோம். பக்கத்தில் போன மீன்படகுக்காரர் எஞ்சினைத் தணித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். காலி வாளியை அள்ளுகிறோம், கவனமாகக் கவிழ்க்கிறோம், மறுபடி அள்ளுகிறோம். தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார். வாடை போய்விட்டதா என்று அண்ணே ஒவ்வொரு வாளிக்கும் என்னிடம் கேட்டார். போய்விட்டது என்று நான் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார். வாயைத் திறந்தார். "செட்டில்" என்று சொல்லவில்லை. காலி வாளியை இன்னொரு தடவை கடலில் கவிழ்த்தார்.

காற்று திரும்பியதும் கரைக்கு வந்தோம். மறுநாளே கோப்பிக் கடையில் கேஸ் கசியவில்லை என்ற கதை ஆரம்பித்துவிட்டது. மூக்கு விஷயம் அண்ணி காதுக்குப் போகக் கூடாதாம், அதற்காக என்னைக் கோமாளியாக்குகிறார். அண்ணிக்கு எப்போதோ தெரியும், மனிதரே! கருகிப்போன மீன் குழம்புக்கும் நீங்கள் "என்ன வாசம்" என்றபோதே அவருக்குப் புரிந்துவிட்டது. என்னிடம் சொல்லி அவரே விழுந்து விழுந்து சிரித்தார். இதை எழுதச் சொன்னதும் அவர்தான்.

ஆகவே செட்டில் அண்ணே, வருகிற ஞாயிறு கோப்பிக் கடைக்கு வாருங்கள். நீங்கள் யாரிடமெல்லாம் சொன்னீர்களோ அவர்கள் அத்தனை பேரும் இருக்கட்டும். ஒரே கேள்விதான். கேஸே இல்லையென்றால், கைகால் அடித்துப் பத்தடி நீந்தத் தெரியாத நீங்கள், படகில் இருந்த ஒரே லைஃப் ஜாக்கெட்டை எதற்கய்யா எனக்கு மாட்டினீர்கள்? எல்லார் முன்னாலும் பதில் சொல்லுங்கள்.