சாம்பல் பிணைச்ச இன்டர்நெட்டு

எதுவாச்சும் ரெண்டு துண்டா கெடந்தா சாம்பலுக்கு சோறு எறங்காது. ஆரணி பூரா தேடினாலும் அப்படி ஒரு மனுஷன் கெடைக்க மாட்டாரு.

தறியில நீளவாக்குல ஓடற பழைய பாவு நூலு தீந்துபோச்சின்னா, புதுப் பாவ அதோட ஒவ்வொரு இழையா பிணைக்கணும். அதான் அவரு தொழிலு. பட்டு வழுக்குமில்ல, விரல்ல சாம்பல் தொட்டுப்பாரு. அதுலயே பேரு நின்னுடுச்சி. பெத்தவங்க வெச்ச பேரு எனக்கு இப்பவும் தெரியாது.

எதுத்த வூட்டு அண்ணன் தம்பி பாகம் பிரிச்சிகினப்ப, துணிக்கொடியக் கூட நடுவுல அறுத்துகினாங்க. காலையில பாத்தா ஒண்ணா கீது. முடிச்சு எங்கன்னே தெரியல. ரெண்டு பேரும் சேந்து சாம்பல்கிட்ட வந்து சத்தம் போட்டாங்க. "சேந்துதானே வந்தீங்க, அப்புறம் இன்னா"ன்னாரு.

இன்டர்நெட்டு கதைய வுட்டுட்டு எங்கியோ போறேன். ரெண்டாயிரம் பொறந்து அஞ்சாறு வருஷம் இருக்கும், என் பையன் எங்க வூட்டுக்கு இன்டர்நெட்டு இழுத்தான். சாம்பல் பக்கத்து வூடு. அவரு பொண்ணுக்கு காது கேக்காது, பேச்சும் வராது. பெங்களூர்ல கட்டிக் குடுத்துட்டாரு. போன வெச்சி இன்னா பண்றது? மூஞ்சி பாத்து கையால பேசட்டும்னு மருமவன் ஒரு பழைய கம்ப்யூட்டரும் கேமராவும் கொண்டாந்து வெச்சிட்டுப் போனாரு.

எங்க வூட்லயே வந்து பேசுய்யான்னேன். "பத்து பேரு வேடிக்க பாப்பீங்கண்ணா. எம்பொண்ணு என்கிட்ட பேசறது உங்களுக்கு எதுக்கு?"ன்னுட்டாரு.

சரின்னு பையன் எங்க கம்ப்யூட்டர்லருந்து ஜன்னல் வழியா அவருதுக்கு கேபிள் இழுத்தான். கையில இருந்தது ரெண்டு கேபிளு, ரெண்டும் நீளம் பத்தாத கட்டை. வெட்டி நடுவுல சேக்கணும். உள்ள எட்டே கம்பி. சாம்பல் சந்தோஷமா குந்திட்டாரு.

ஆரஞ்ச பச்சையோட கட்டு, பச்சைய ஆரஞ்சோட கட்டு, ரெண்டு கம்ப்யூட்டர நேரா சேத்தா அப்படித்தான்னு பையன் சொன்னான். நல்லா தலையாட்டினாரு. கட்டினது ஆரஞ்சோட ஆரஞ்சு, பச்சையோட பச்சை. மேல டேப்பு வேற சுத்திட்டாரு.

ஒண்ணும் வர்ல. பையன் அரை நாளு கம்ப்யூட்டர நிறுத்தறதும் போடறதுமா பேஜாராயி, கடைசியா டேப்ப பிரிச்சான்.

"மாத்திக் கட்ட சொன்னேனே மாமா."

"நாப்பது வருஷத்துல ஒரு இழை மாறினதில்ல. கலரு மாத்திக் கட்றவன் கைய வெட்டணும்டா."

"அப்ப நானே கட்டிக்கிறேன்."

"நான் தொட்ட பிணைப்புல நீ கை வெக்காத."

மூணு நாளு அப்படியே போச்சி. அப்புறம் மருமவன் போன் பண்ணாரு. தெனம் சாயங்காலம் பொண்ணு தலை வாரி பூ வெச்சிகினு கேமரா எதுக்க குந்துதாம். இருந்து பாத்துட்டு எழுந்து போவுதாம்.

சாம்பல் போன வெச்சாரு. நேரா போயி செவுத்துல இருந்த சாமி படத்த, மூஞ்சி செவுத்தப் பாக்கற மாதிரி திருப்பி வெச்சாரு. விரல்ல சாம்பல் தொட்டாரு. ஆரஞ்ச பச்சையோட கட்டினாரு.

வந்துடுச்சி.

அப்பாவும் பொண்ணும் தெனம் ஒரு மணி நேரம் கைய வீசி பேசுவாங்க. இதுல ஒரு தொல்ல. எங்க கம்ப்யூட்டர் ஓடினாத்தான் அவருதுக்கு வரும். எனக்கு அதுல ஒரு எழவும் தெரியாது. சாயங்காலமானா அது பக்கத்துல நாற்காலி போட்டு குந்திப்பேன், யாரும் நிறுத்திடக் கூடாதில்ல.