முப்பத்தொரு தலைவர்களும் ஒரு பயனாளியும்

786
கல்முனை
24.06.2009, புதன்

அன்புள்ள தம்பி றமீசுக்கு, உன் றாத்தா ஸகியா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

தலைமைத்துவப் பயிற்சிக்குப் பிறகு உன் மகள் நிப்லா உண்மையிலேயே தலைவியாகிவிட்டாளா, இல்லை வாய் மட்டுந்தான் நீண்டிருக்கிறதா என்று ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டாய். எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லிவிட்டு அதையே மூன்று பக்கத்துக்கு எழுதுவது படித்தவர்களின் பழக்கம், அதனால் எழுதுகிறேன். போனில் சொல்லவும் வழியில்லை. நீ எடுத்தவுடன் உன் மனைவி ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறாள், உன் மகள் எதிரே உட்கார்ந்து குறிப்பெடுக்கிறாள். இங்கே எல்லோரும் சுகம். கச்சான் காற்று அடிக்கிறது, வீடெல்லாம் மண். நீ அனுப்பிய பேரீச்சம்பழம் வந்து சேர்ந்து, முடிந்தும்விட்டது. டோஹா வெயிலில் உன் உடம்பை அல்லாஹ் காப்பாற்றுவானாக. வெள்ளிக்கிழமை பயணம் போகும் அப்துல் ஹமீட் காக்காவின் மகனிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

விஷயம் என்னவென்றால், சென்ற மாதம் ஒரு தொண்டு நிறுவனத்தின் வாகனம் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தது. யுத்தம் முடிந்துவிட்டதால் இனி வீடு கட்டுவதில்லை, தலைவர்களைக் கட்டப்போகிறோம் என்றார்கள். தரம் எட்டைத் தெரிவு செய்தார்கள். வகுப்பாசிரியை நான் என்பதால் ஐந்து நாளும் பின் வாங்கில் உட்கார்ந்திருக்க வேண்டியதாயிற்று. பயிற்சி நடத்தும் வளவாளராக வந்தவர் காலிதீன் என்ற நிந்தவூர்ப் பொடியன், நல்ல பிள்ளை, கொழும்பில் படித்தவர், சப்பாத்தைக் கழற்றாமல் பாயில் நிற்கிறவர். முதல் நாள் பிறிஸ்டல் போட்டில் ஒரு மரம் வரைந்து, "இது என்ன பிள்ளைகள்?" என்று கேட்டார். எங்கள் பிள்ளைகளுக்குச் சுனாமியில் கடல் வந்தபோது எட்டு வயது. அன்றிலிருந்து எத்தனை நிறுவனம் வந்து எத்தனை மரம் வரைந்திருக்கும்! முப்பத்திரண்டு பேரும் ஒரே குரலில், "வேர் நம்மட பலம் சேர், கிளை நம்மட கனவு சேர், பழம் நம்மட வெற்றி சேர்" என்றார்கள். பின்னாலிருந்து ஒருத்தன், "நூல் பந்து எறியிற விளையாட்டு இண்டைக்கா நாளைக்கா சேர்?" என்று கேட்டான். காலிதீன் கையிலிருந்த நூல் பந்தை மெதுவாகப் பைக்குள் வைத்துவிட்டார். எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது அப்போதுதான்.

மறுநாள் அவர் ஒரு பிழை விட்டார். "நான் தலையிட மாட்டேன். நீங்களே குழுவாகப் பிரிந்து, உங்களுக்குத் தெரிந்த முறையில் தலைவரைத் தெரிவு செய்யுங்கள்" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனார். திரும்பி வந்து பார்த்தால் பிள்ளைகள் ஆறு குழுவாக உட்கார்ந்திருக்கிறார்கள். எப்படிப் பிரிந்தீர்கள் என்று கேட்டார். "குடி குடியா சேர்." அவர்களுக்குத் தெரிந்த முறை பள்ளிவாசல் முறைதானே. உம்மாவின் குடி எதுவோ அதுவே பிள்ளையின் குடி, குடிக்கு ஒரு மரைக்கார், மரைக்கார்மார் கூடினால் நிர்வாகம். ஐந்து நிமிடத்தில் ஆறு மரைக்கார்மாரையும் நியமித்து, வெள்ளிக்கிழமை கந்தூரிக்கு மாடு எந்தக் குடியுடையது என்ற கதையும் தொடங்கிவிட்டது. காலிதீன் நெற்றியில் கைவைத்துக்கொண்டு என்னிடம் வந்து, "டீச்சர், இதை நான் அறிக்கையில எப்பிடி எழுதுற?" என்றார். பக்கத்து வகுப்பிலிருந்து எட்டிப் பார்த்த பாண்டிருப்பு கேதீஸ்வரி டீச்சர், "எங்கட கோயில்லயும் இதேதான் தம்பி, நாங்க வண்ணக்கர் எண்டுவம். பல்லின ஒற்றுமை எண்டு எழுதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ஆறு மரைக்கார்மாரில் ஒருத்தி உன் மகள். அவள் உம்மா முனவ்வறாவின் ஓடாவியார் குடிக்கு அவள்தான் மரைக்கார். அதே குடிப் பொடியன் ஒருத்தன் எழும்பி, "பொம்புள மரைக்கார் எந்தப் பள்ளியில இரிக்கிகா?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. உன் மகள் உட்கார்ந்தபடியே, "நீ எந்தக் குடி?" என்றாள். "ஓடாவியார் குடி." "ஆரால?" "உம்மாவால." "அப்ப குடி உம்மாவால வரலாம், மரைக்கார் மட்டும் வாப்பாவால வரோணுமா?" அவன், "சரி, நான் உப மரைக்கார்" என்றான். பேராதனையில் நான் மூன்று வருடம் படித்த சமூகவியலில் இப்படி ஒரு விடை எழுதத் தோன்றவில்லை. ஆனால் இதை நான் அவளிடம் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே.

ஒரு பிள்ளை மட்டும் எந்தக் குழுவிலும் சேராமல் சுவரோரம் நின்றாள். றுகையா என்று பேர், தபாலகத்துக்கு மாற்றலாகி வந்தவரின் மகள், மாத்தளைப் பக்கம். அங்கே குடி இல்லை. எந்தக் குடியிலும் சேர்க்கவும் ஏலாது, வெளியே விடவும் ஏலாது. ஆறு மரைக்கார்மாரும் கூடிக் கதைத்து அவளைப் பயனாளி ஆக்கிவிட்டார்கள். நிவாரண வரிசையில் வளர்ந்த பிள்ளைகள், தலைவர் இருந்தால் பயனாளி வேண்டும் என்று தெரியும். ஒவ்வொருவராகப் போய், "உனக்கு என்ன பிரச்சினை?" என்று கேட்டார்கள். "எனக்கு ஒரு பிரச்சினையும் இல்ல" என்றாள் அந்தப் பிள்ளை. "பயனாளிக்குப் பிரச்சினை இரிக்கோணும். நல்லா யோசிச்சுச் செல்லு." கடைசியில் அழும் நிலைக்கு வந்துவிட்டாள். அப்போது உன் மகள் மற்றவர்களைப் போகச் சொல்லிவிட்டு, அவளைத் தன் பக்கத்தில் இருத்திக்கொண்டாள். ஒன்றும் கேட்கவில்லை. அரை மணித்தியாலம் கழித்து றுகையா தானாகவே சொன்னது இதுதான்: காலையில் வீட்டிலிருந்து வெளிக்கிட்டால் ஒன்றரை மணிக்குப் பள்ளிக்கூடம் விடும்வரை அவள் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிப்பதில்லை.

ஏன் என்று உனக்கு நான் சொல்ல வேண்டும். கடலோரத்துப் பழைய பள்ளிக்கூடம் போன பிறகு, வயலை நிரப்பி எங்களை இங்கே கொண்டுவந்தபோது, பெண்பிள்ளைகளுக்கென்று அழகான மலசலகூடத் தொகுதி ஒன்று கட்டித் தந்தார்கள். வெள்ளை ஓடு, நீலக் கதவு, வாசலில் கறுப்புக் கல்லில் பொன் எழுத்து. திறப்பு விழா அன்று திறந்தார்கள், மாலையில் அதிபர் ஆதம்பாவா சேர் பூட்டினார். பிள்ளைகள் போனால் ஊத்தையாகுமாம், கட்டித் தந்தவர்கள் பார்க்க வரும்போது என்ன சொல்லுவது? அவர்கள் வரும் நாள் மட்டும் திறக்கும். மற்ற நாளில் இருநூறு பெண்பிள்ளைகளுக்கு வகுப்புக் கொட்டிலுக்குப் பின்னால் பிணைச்சல் கழன்ற கதவுடன் இரண்டு. ஒருத்தி உள்ளே போனால் ஒருத்தி வெளியே கதவைப் பிடிக்க வேண்டும். றுகையாவுக்குக் கதவு பிடிக்க ஆளில்லை.

இதைத் தீர்க்க என் முப்பத்தொரு பிள்ளைகளும் என்ன செய்தார்கள் தெரியுமா? முப்பத்தொன்று என்று எழுதக் காரணம், மரைக்கார் முறையைக் கண்டு பயந்த காலிதீன் மூன்றாம் நாள், "ஒவ்வொருவருமே தலைவர்தான்" என்று சொல்லி ஆளுக்கொரு வட்டமான 'தலைவர்' பட்ஜைச் சட்டையில் குத்தக் கொடுத்துவிட்டார். றுகையா வேண்டாம் என்றுவிட்டாள், "எல்லாரும் தலைவரானா ஆருக்குத் தலைவர்?" என்று. ஆகவே முப்பத்தொரு பேரும் அதிபரின் காரியாலயத்துக்குப் போய், முதலில் கதைப்பது யார் என்று வாசலில் இருபது நிமிடம் கதைத்தார்கள். அதிபர் வெளியே வந்து, "எதுவானாலும் எழுத்துல, வகுப்பாசிரியர் ஊடாக" என்று கதவைச் சாத்தினார். எழுதிக்கொண்டு வந்தார்கள். றமீஸ், நீ அதைப் பார்க்க வேண்டும். 'செயற்றிட்ட முன்மொழிவு' என்று தலைப்பு. குறிக்கோள், எதிர்பார்க்கப்படும் விளைவு, நிலைபேறு, எல்லாம் இருக்கிறது. 'டிசம்பர் மாத இறுதிக்குள் மாணவிகளில் அறுபது வீதமானோர் மலசலகூடம் செல்லும் நிலையை எய்துவர்.' மற்ற நாற்பது வீதம் அடுத்த கட்டத்திலாம். எங்கே படித்தீர்கள் என்று கேட்டேன். "நம்மட வீட்டுத் திட்டத்துக்கு உம்மா நிரப்பின படிவத்துல டீச்சர்." நான் சிரிக்காமல் வாங்கி மேசை லாச்சிக்குள் வைத்தேன். அது அங்கேயே கிடக்கிறது. அதிபருக்கு அனுப்பவில்லை. அவர் என்ன சொல்லுவார் என்று எனக்குத் தெரியும், பென்சனுக்கு இன்னும் கொஞ்ச வருடம் இருக்கிறது என்பதும் தெரியும்.

வீட்டுக் கதையைக் கேள். நிப்லா குளிர்சாதனப் பெட்டியில் 'வீட்டு விதிமுறைகள்' ஒட்டியிருக்கிறாள். ஒருவர் கதைக்கும்போது மற்றவர் கேட்க வேண்டும், கையில் ஒரு பொருள் வைத்திருப்பவருக்கு மட்டுமே கதைக்க உரிமை. அந்தப் பொருளாக அவள் தெரிவு செய்தது உன் வீட்டு அகப்பை. நேற்றுப் பின்னேரம் முனவ்வறா என்னிடம் ஓடிவந்தாள். "மச்சி, சோறு அடிப்புடிக்குது, அகப்பையக் குடுகா எண்டா, 'அகப்பை இல்லாம நீங்க கதைக்க ஏலா உம்மா' எண்டு செல்லுறா! மறுகா கருத்துச் செல்ல ரெண்டு நிமிசந்தானாம்! இவளக் கண்டிக்கு அனுப்பினா எந்தச் சாமானப் பறிப்பாளோ!"

கண்டிதான் இப்போது பிரச்சினை. ஆகஸ்ட் விடுமுறையில் அங்கே ஐந்து நாள் தங்கிப் படிக்கும் வதிவிடப் பயிற்சி, வகுப்புக்கு ஒருவர். வாக்கெடுப்பு வைத்தார்கள். முப்பத்தொரு தலைவர்களும் தத்தமக்கே போட்டுக்கொண்டார்கள், அதைத்தானே படித்தார்கள். எல்லோருக்கும் ஒரு வாக்கு, நிப்லாவுக்கு மட்டும் இரண்டு. மற்றது றுகையாவுடையது. இரண்டு வாக்கில் உன் மகள் அமோக வெற்றி. அன்றிலிருந்து பெட்டி கட்டி வைத்திருக்கிறாள். முனவ்வறா உன்னைக் கேட்கச் சொல்கிறாள், நீ 'றாத்தா என்ன செல்லுறாவோ அதுதான்' என்கிறாய். படிவத்தில் அதிபரின் ஒப்பமும் வேண்டும்.

நான் பேராதனைக்குப் போகும்போது வாப்பாவுக்குப் புத்தி சொல்ல எத்தனை பேர் வந்தார்கள் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். என் பெட்டியை பஸ்வரை நீதான் இழுத்து வந்தாய். ஆகவே பெண்பிள்ளை தூரம் போகக்கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் தலைமைத்துவம் என்பது நூல் பந்திலும் பட்ஜிலும் வரும் என்று எனக்கு நம்பிக்கையில்லை. முப்பத்தொரு தலைவர்கள் ஒரு மாதமாக ஒரு கதவைத் திறக்கவில்லை. கண்டியிலும் அதே மரத்தைத்தான் வரையப்போகிறார்கள், மலை நாடு என்பதால் கொஞ்சம் பெரிதாக வரைவார்கள். என் முடிவு: அனுப்ப வேண்டாம். இங்கேயிருந்து கணிதத்தைப் பார்க்கட்டும், நாற்பத்தொரு புள்ளி எடுத்திருக்கிறாள். நான் சொன்னேன் என்று அவளிடம் சொல்லாதே.

வேளைக்குச் சாப்பிடு, தொழுகையை விடாதே, வெயிலில் தொப்பி போடு. உன் உழைப்பில் அல்லாஹ் பறக்கத்தைத் தந்து, உன்னை நல்லபடி எங்கள் கண்ணில் காட்டுவானாக. வஸ்ஸலாம்.

உன் றாத்தா,
ஸகியா

பி.கு. வியாழக்கிழமை, அஸருக்குப் பின். கடிதத்தை ஒட்டவில்லை, நல்லதாகப் போயிற்று. இன்று காலை அறிவிப்பில்லாமல் வாகனம் வந்தது. மலசலகூடம் கட்டித் தந்தவர்கள், நாலு வெள்ளைக்காரர், கூட மொழிபெயர்ப்புக்குக் காலிதீன். அதிபர் ஓடிப்போய்ப் பூட்டைத் திறந்தார். அவர்கள் பொன் எழுத்தை வாசித்துக்கொண்டு நிற்கும்போது கொட்டில்களிலிருந்து பெண்பிள்ளைகள் வந்தார்கள். சத்தமில்லை, பிறிஸ்டல் போட் இல்லை. தரம் ஒன்று முன்னால், பெரிய வகுப்புகள் பின்னால், வளவைச் சுற்றி ஒரே வரிசை. உள்ளே போவதும் கை கழுவி வருவதும். வெள்ளைக்காரப் பொம்புள ஒன்று கண் கலங்கிப் படம் எடுத்தது. தினமும் இப்படித்தானா என்று கேட்டது. காலிதீன் அதிபரைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார், "ஓம்" என்று மொழிபெயர்த்தார். கடைசிப் பிள்ளை போய் வரும்வரை அவர்கள் அசையவில்லை, அதிபரும் சிரிப்பை இறக்க முடியாமல் நின்றார். நிப்லா எங்கே என்று தேடினேன். முன்னால் இல்லை. வரிசையின் வாலில், றுகையாவுக்கும் பின்னால், சின்னப் பிள்ளைகளின் தண்ணீர்ப் போத்தல்களை மடியில் வைத்துக்கொண்டு குந்தியிருந்தாள். எல்லாப் போத்தலும் வெறுமை, அத்தனையையும் குடிக்க வைத்திருக்கிறாள்.

வாகனம் போனவுடன் அதிபர் தரம் எட்டுக்கு வந்தார். "இதுக்குத் தலைவர் ஆரு?" என்றார். ஒரு மாதமாக நான், நான் என்று நின்ற பிள்ளைகள் ஒவ்வொன்றாகச் சட்டையிலிருந்த பட்ஜைக் கழற்றிப் பைக்குள் போட்டன. உப மரைக்கார் கூரையைப் பார்த்தான். நிப்லா எழும்பப் பார்த்தாள். எழும்பினால் அவளுடைய படிவத்தில் அவர் ஒப்பமிட மாட்டார் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். முழங்கால் நிமிர்வதற்குள் ஒரு குரல், "நான்தான் சேர். நீங்க சொன்ன மாதிரி எழுத்துல, வகுப்பாசிரியர் ஊடாக" என்றது. என்னுடைய குரல். லாச்சியைத் திறந்து முன்மொழிவை எடுத்து, அவர் முன்னாலேயே 'சிபாரிசு செய்கிறேன்' என்று எழுதி, நேற்றைய திகதி போட்டுக் கொடுத்தேன். அவர் முழுவதையும் வாசித்தார். "அறுபது வீதம் எண்டு இரிக்கி. இண்டைக்கு எல்லாரும் போயிட்டாங்களே?" என்றார். "இலக்கைத் தாண்டிட்டம் சேர்" என்றேன்.

மேலே எழுதிய முடிவை விட்டுவிடு. கிழித்துவிட்டு வேறு எழுதலாம்தான், ஆனால் நானும் பிழை விடுவேன் என்பதற்கு உன்னிடம் ஒரு சான்று இருக்கட்டும். நிப்லாவின் கண்டிப் படிவத்தில் பாதுகாவலர் என்ற இடத்தில் நான் ஒப்பமிட்டிருக்கிறேன், கோபம் என்றால் ஞாயிற்றுக்கிழமை ஸ்பீக்கரில் கோபி. ஒரு மணிக்குப் படிவத்தை அதிபரிடம் கொண்டுபோனேன். பேனாவை எடுத்தவர், "டீச்சர், அந்த மலசலகூடச் சாவியக் காணல்ல, கதவு துறந்தபடி கிடக்கு, கண்டயளா?" என்று கேட்டார். "தேடுறன் சேர்" என்றேன். ஒப்பமிட்டார். சாவி அப்போது என் கைப்பைக்குள் இருந்தது. இப்போதும் அங்கேதான் இருக்கிறது.