அடங்காத மூக்கு

"மறுபடியும் தொங்கிடுச்சு!" என்று ஒவிதியோ தலையில் கை வைத்துக்கொண்டான்.

கணினித் திரையில் இருந்த கெட்டிலின் மூக்கு, திட்டு வாங்கிய பிள்ளை மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. இப்போதுதான் அதை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தான். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தால் இந்தக் கோலம்.

ரொசாரியோ நகரில் கெட்டில் செய்து பேர் வாங்குவது லேசுப்பட்ட காரியம் இல்லை. ஊரே விடிந்ததிலிருந்து மாத்தே என்ற இலைப்பானம் குடிக்கும். குடுவையில் இலைத்தூளைப் போட்டு, உறிஞ்சும் குழல் ஓரமாக நூல் பிடித்தாற்போல் வெந்நீர் விட வேண்டும். தூள் மொத்தமும் நனைந்துவிட்டால், ஊற்றியவனை மனிதனாகவே மதிக்க மாட்டார்கள். அதனால் மூக்கின் வளைவைக் கைபோன போக்கில் வரைவதில்லை. எந்த இடத்தில் எவ்வளவு வளைய வேண்டும் என்று கணக்குச் சூத்திரம் ஒன்றை எழுதினால், கணினி அதன்படி வளைக்கும். அந்தச் சூத்திரத்துக்குப் பெயர் விதி. தன் விதியைத் தானே எழுதிய ஒரே ஆள் என்று ஒவிதியோவுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

சாயங்காலம் முதலாளியம்மா நெலிதா வந்து பார்ப்பார். "மூக்கும் கைப்பிடியும் அக்கா தங்கச்சி மாதிரி இருக்கணும்" என்பது அவர் கட்டளை. அதற்கான ஏற்பாட்டை ஒவிதியோ என்றைக்கோ செய்து முடித்துவிட்டான். மூக்கு அவருக்குப் பிடித்தால் அவன் வடிவமைப்புப் பிரிவின் தலைவன். இல்லாவிட்டால் பழையபடி பக்கெட் பிரிவு. அவன் மனைவியோ தலைவர் பதவி கிடைத்துவிட்டதாகவே நாத்தனார்களிடம் சொல்லியாயிற்று.

விதியில் எண்ணைக் கூட்டினான். மூக்கு நிமிர்ந்தது. பெருமூச்சு விட்டான். மூக்கு தொங்கியது.

ஸ்டோர் ரெமி குடுவையும் வெந்நீர்க் குப்பியுமாக வந்தார். அறை அறையாகப் போய் எல்லோருக்கும் மாத்தே ஊற்றுவது அவர் பொறுப்பு.

"என்னப்பா, மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு?"

"கூட்டினா குறையுதுண்ணே. குறைச்சா கூடுது."

"அப்ப தலைகீழாப் போட்டுப் பாரேன்!"

அதுவும் சரிதான் என்று பட்டது. முன்னால் ஒரு கழித்தல் குறியைப் போட்டான். மூக்கு உள்பக்கமாகத் திரும்பி, கெட்டிலின் வயிற்றுக்குள்ளேயே புகுந்துகொண்டது.

தடுப்புக்கு அந்தப்புறம் மிர்த்தா "ஐயோ, போச்சு!" என்று அலறினாள்.

அவ்வளவு குழப்பத்திலும் ஒவிதியோவுக்கு உள்ளம் குளிர்ந்தது. கால்பந்தில் மிர்த்தா சிவப்பு கறுப்புக் கட்சி, அவன் நீலம் மஞ்சள். ஞாயிற்றுக்கிழமை பந்தாட்டத்தில் அவள் கட்சி மண்ணைக் கவ்வியதிலிருந்து இருவருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. ரெமி கொண்டுவரும் ஒரே குழலில் மாற்றி மாற்றி உறிஞ்சுவார்கள், அது வேறு.

"இன்னும் அழுதுட்டா இருக்கா?" என்று கேட்டுச் சிரித்தான்.

"அவளுக்கும் ஏதோ வேலையில தகராறாம்பா."

"படட்டும்!"

கழித்தல் குறி தானாக மறைந்தது. மூக்கு வயிற்றிலிருந்து வெளியே வந்து, விடுவிடுவென்று கூரையைப் பார்த்து வளர்ந்தது. ஒவிதியோ கணினியை அணைத்துப் போட்டான். அணைவதற்குள் மூக்கு பூசணிக்காய்க் காம்பு போல் சுருண்டது. சிலுவைக் குறி போட்டுக்கொண்டு மறுபடி போட்டான். அது பாட்டுக்கு ஆடியது. அவனுக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது. பக்கெட்டுகள் வரிசையாகக் கண்முன் வந்தன.

"அண்ணே, இதுக்கு ஒரே வழிதான் இருக்கு. வளைவு சரியா வர்ற நொடியில விதிக்கு ஒரு பூட்டுப் போட்டுடணும். ரகசியச் சொல் வச்சுட்டா, அப்புறம் பேய் பிசாசு கூடத் தொட முடியாது!"

"அப்படியும் ஒண்ணு இருக்கா?" என்று வியந்துகொண்டே ரெமி குடுவையோடு அடுத்த அறைக்குப் போனார்.

ஒவிதியோ விதியை முதலிலிருந்து எழுதினான். மூக்கு எழுந்தது, அன்னத்தின் கழுத்து மாதிரி. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. பூட்டுப் போடக் கை வைத்தபோது கதவு திறந்தது.

"அடடே, என்ன அழகு!" என்றபடி முதலாளியம்மா நின்றார்.

அந்த ஊரில் கன்னத்தில் முத்தமிடாமல் ஒருவரை வரவேற்க முடியுமா, அதுவும் சம்பளம் கொடுப்பவரை? ஒவிதியோ எழுந்துபோய் முத்தமிட்டுத் திரும்பினான்.

"இதென்ன ஒவிதியோ, யானை தூங்குதா?" என்றார் அவர்.

மூக்கு திரையின் அடி வரைக்கும் தொங்கிக்கொண்டிருந்தது. பாய்ந்துபோய் எண்ணைத் தட்டினான். 'விதி பூட்டப்பட்டுள்ளது' என்றது திரை.

"நான் பூட்டலையே! அம்மா, சத்தியமா நான் பூட்டலை!"

அடுத்த அறையில் யாரோ கைதட்டிக் குதிக்கும் சத்தம் கேட்டது. ரெமி முகமெல்லாம் பல்லாக உள்ளே வந்து குடுவையை நீட்டினார்.

"ஒவிதியோ, உன் மூளைக்குக் கும்பிடு போடணும்பா! நம்ம மிர்த்தாவோட கைப்பிடியும் நீ எழுதின விதியிலதான் ஓடுதாம். காலையிலேருந்து அவ வளைக்க வளைக்க அது தானா நிமிர்ந்துட்டே இருந்துச்சாம். இப்ப நீ சொன்ன மாதிரியே பூட்டுப் போட்டுட்டா!"